எனக்குக் கேட்காத பிரேக்

என் காரின் பிரேக் கத்துகிறது என்று எனக்கு முதலில் சொன்னவர், ஏரிக்கரைத் திருப்பத்தில் ஆடு மேய்க்கும் ஒரு பெண்.

மாசி மாதத்துக் காலை அது. எங்கள் ஊரிலிருந்து பென்னாகரம் போகிற சாலையில் அந்த நேரத்துக்குப் பனி முழுதாக விலகியிருக்காது. கொள்ளு பிடுங்கிய காடுகள் வெளுத்துக் கிடக்கும். புளியமரங்கள் ஒவ்வொன்றாகப் பனிக்குள்ளிருந்து வெளியே வந்து, கொஞ்ச தூரம் கூடவே வந்துவிட்டு, மறுபடி பனிக்குள் போய்விடும். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாக ஓட்டுவேன். பதினெட்டு கிலோமீட்டர். என் நாளில் அதைவிட நல்ல நேரம் வேறு இல்லை. தண்ணீருக்கு அடியில் போவது போல இருக்கும். எதுவும் என்னை அவசரப்படுத்தாது.

பென்னாகரத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே எனக்கு ஓர் அறை உண்டு. பத்திரம் எழுதுவது என் தொழில். அதனால் அந்தச் சாலையில் எல்லோருக்கும் நான் ரைட்டர்.

அன்றைக்குத் திருப்பத்தில் ஆடுகள் சாலையின் நடுவில் நின்றன. வண்டியை நிறுத்தினேன். அந்தப் பெண் கையில் குச்சியோடு என் பக்கம் வந்து ஏதோ சொன்னார். கண்ணாடியை இறக்கினேன்.

"ரைட்டரே, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"இப்பிடிக் கத்துதே உங்க வண்டி, அதுக்கு ஏதாச்சும் பாக்கக் கூடாதுங்களா? பிரேக்க மிதிச்சாப் போதும், அந்தக் கடைசி வூடு வரைக்கும் கேக்குது. ஆனா என் ஆடுங்களுக்கு அது நல்லதாத்தான் போச்சு. நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சு பாதி நாளு தானா ஓரம் போயிருதுங்க. இன்னைக்குத்தான் பாருங்க, சொரணையே இல்லாம நிக்குதுங்க."

நான் சிரித்தேன். எனக்கும் அது தெரியும், நேரம்தான் இல்லை என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் சில வருடங்களாகவே பழகி வைத்திருந்தேன். "பாக்கறேம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போய், நான்கு கண்ணாடிகளையும் இறக்கி, வேகம் கூட்டி, பிரேக்கை மிதித்தேன். இஞ்சினின் அடிக்குரல் கேட்டது. காற்று கேட்டது. வேறு ஒன்றும் இல்லை. மறுபடி மிதித்தேன். உள்ளங்காலில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு சிறு அதிர்வு. அது பல நாளாக இருந்ததுதான். தார் பெயர்ந்த சாலை என்று நினைத்திருந்தேன். மூன்றாவது முறை மிதித்தபோது, முன்னால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துப் பெண் சட்டென்று தோளைத் தூக்கி, காதை அதில் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் சுளிப்பு.

அவள் முகத்தில்தான் அந்தச் சத்தத்தை நான் பார்த்தேன்.

காது ஒரே நாளில் போவதில்லை. வீட்டை விட்டு ஒவ்வொருவராகக் கிளம்பிப் போவது போல, ஒவ்வொரு சத்தமாகப் போகிறது. போகும்போது சொல்லிக்கொண்டும் போவதில்லை. முதலில் ராப்பூச்சிகள் போயின. மழை சரியில்லை, பூச்சி குறைந்துவிட்டது என்று எண்ணினேன். அப்புறம் வேலியில் கத்துகிற சின்னக் குருவிகள். பறவைகளே அருகிவிட்டன என்று ஒரு கல்யாண வீட்டில் உண்மையான வருத்தத்தோடு பேசியிருக்கிறேன். பக்கத்தில் இருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர் காதில் அந்த நேரத்திலும் குருவிகள் கத்திக்கொண்டிருந்திருக்கலாம்.

தாழ்ந்த குரல்கள் எனக்கு நன்றாகவே கேட்கும். பேருந்து, ஆற்று நீர், ஆண்கள் பேசுவது எல்லாம் கேட்கும். கீச்சென்ற எதுவும் கேட்காது. பேச்சிலும் சில எழுத்துகள் மட்டும் உதிர்ந்துபோகும். மிச்சத்தை உதடுகளைப் பார்த்து நிரப்பிக்கொள்வேன். தொழிலில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். கட்சிக்காரர் நான்கெல்லையைச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றையும் உரக்கத் திருப்பிச் சொல்வேன். "வடக்கே உங்க பெரியப்பா நெலம், தெற்கே வண்டிப் பாதை, சரிங்களா?" தப்பாகச் சொன்னால் அவர்களே திருத்துவார்கள். இதனால் எனக்கு ஒரு நல்ல பெயர் வந்து சேர்ந்ததுதான் வேடிக்கை. ரைட்டர் ஒன்றுக்கு மூன்று தடவை கேட்டுத்தான் எழுதுவார், தப்பே வராது என்று பத்திரம் எழுத என்னைத் தேடி வந்தார்கள்.

அன்று சாயங்காலம் என் மனைவியிடம் கேட்டேன். அவர் எங்கள் தெருவில் பால் சேகரிப்பு மையத்தைப் பார்த்துக்கொள்கிறார். கடைசிக் கேனை மூடிவிட்டு, அளக்கும் படியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நம்ம வண்டி கத்துதா?"

கழுவுகிற கை நின்றது.

"கத்துதுங்க."

"எவ்வளவு நாளா?"

"பொங்கலுக்கு முன்னாலருந்து."

"ஏன் சொல்லல?"

படியைக் கவிழ்த்து வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தார். அவசரமே இல்லாமல் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"மொதல்ல உங்களுக்கும் கேக்குது, எப்பவாவது சரி பண்ணுவீங்கன்னு நெனச்சேன். அப்புறந்தான் உங்களுக்குக் கேக்கலைன்னு புரிஞ்சுது. அதுக்கு மேல எப்பிடிங்க சொல்றது? பிரேக்குன்னு ஆரம்பிச்சா அது பிரேக்கோட நிக்குமா?"

அவரே தொடர்ந்தார்.

"போன வருசமே தெரியும். குக்கர் வெச்சிட்டு, மூணு விசில் வந்தா எறக்குங்கன்னு சொல்லிட்டுப் பால் ஊத்த வந்தேன் பாருங்க. திரும்பி வந்தா நீங்க குக்கருக்குப் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டு இருக்கீங்க. பருப்பு கூழாப் போயிருச்சு. 'இன்னும் ஒண்ணுகூட வரல'ன்னீங்க. அன்னைக்கே தெரியும்."

அந்தக் கூழை நாங்கள் இருவரும் சாப்பிட்டது எனக்கு நினைவு இருந்தது. அன்றைக்கு அவர் ஒன்றுமே சொல்லவில்லை, குக்கரின் ரப்பர் சரியில்லை என்று நான் சொன்னதற்கும் தலையை ஆட்டினார். ஒரு வருடம் அவர் இதை உள்ளே வைத்துக்கொண்டு என் எதிரில் நடமாடியிருக்கிறார். அவர் பிறந்த வீடு எல்லைப்புறத்துக் கன்னட வீடு. தன் அக்காவிடம் போனில் கன்னடத்தில் பேசுவதை முன்பெல்லாம் பாதிக்கு மேல் புரிந்துகொள்வேன். இப்போது அதுவும் வெறும் ஏற்ற இறக்கமாகத்தான் வந்தது. என்னைப் பற்றித்தான் பேசியிருப்பாரோ என்று அன்றைக்குத் தோன்றியது.

மறுநாள் மெக்கானிக்கிடம் போனேன். பென்னாகரத்துக்குள் நுழையும் இடத்தில், வேப்பமரத்தின் கீழ் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார். முப்பத்தைந்து வயது இருக்கும். சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதற்குள் தலையை விட்டுக்கொண்டுதான் பேசுவார். அதனால் அவர் உதடுகள் எனக்குத் தெரியாது. குரல் மட்டும் இரும்பில் பட்டு உருண்டு வரும். நான் "ஆமாங்க, ஆமாங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் எழுந்து, கழற்றிய பேடைக் கையில் கொடுத்தார். பிரேக்கை மிதித்தால் சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க் என்னும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கட்டை அது. புதிதில் ஒரு விரல் கனம் இருக்கும். என் கையில் இருந்ததில் வெற்றிலைக் கனம்கூட மிச்சம் இல்லை. அதன் ஓரத்தில் சிறு நாக்குப் போல ஒரு தகடு வளைந்து நின்றது.

"இதுதான் சார் கத்துனது. பேடு தேய்ஞ்சு தேய்ஞ்சு ஒரு அளவுக்கு வந்ததும் இந்தத் தகடு டிஸ்க்ல ஒரசும். மாத்து மாத்துன்னு சொல்றதுக்குன்னே வெச்சிருக்காங்க. இவ்வளவு நாளு எப்பிடி சார் தாங்குனீங்க அந்தச் சத்தத்த?"

"வேலையில நாள் ஓடிருச்சுப்பா" என்றேன்.

என் விரலைப் பிடித்து டிஸ்கின் மேல் வைத்து இழுத்தார். ரிக்கார்டுத் தட்டு போலக் கோடுகள். விளிம்பில் ஒரு திட்டு எழும்பி நின்றது. பதினொரு வருடத்தில் ஒருமுறைகூட மாற்றாத டிஸ்க். பேடு உரசிய இடமெல்லாம் உள்வாங்கி, படாத விளிம்பு மட்டும் பழைய உயரத்தில் நின்றிருந்தது. கடைந்து சமப்படுத்த முடியாதா என்று கேட்டேன். அளவுகோலை வைத்துப் பார்த்தார். இதற்குக் கீழே போகக்கூடாது என்று டிஸ்கிலேயே ஓர் எண் வார்த்திருக்கிறது; அதற்கும் கீழே போய்விட்டது என்றார். முன்பக்கம் இரண்டு டிஸ்க், ஒரு செட் பேடு. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி பிரேக்கில் ஒரு பக்கமாக இழுக்கும். இவ்வளவும் என் முகத்துக்கு நேரே சொன்னார். பிறகு மறுபடி குனிந்து, பேடுகளைப் பிடித்திருக்கும் இடப்பக்கத்துக் காலிபரின் பின்னைத் தட்டிக்கொண்டே புது டிஸ்கின் கனத்தை மில்லிமீட்டரில் சொன்னார்.

பதினேழு என்று கேட்டது. பதினெட்டாகவும் இருக்கலாம். திருப்பிச் சொல்லிப் பார்த்திருக்கலாம். பத்திரமாக இருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் முந்தின நாள் காலை முதல் எனக்கு ஒரு கூச்சம் வந்திருந்தது. திருப்பிச் சொன்னால் இவரும் கண்டுபிடித்துவிடுவார் என்று தோன்றியது. "சரிங்க" என்று சொல்லிவிட்டேன்.

பழையதையே மாட்டிவிட்டு, மெதுவாகப் போங்கள், சீக்கிரமே சாமானோடு வாங்கள் என்றார்.

சாமான் வாங்கத் தருமபுரிக்குப் பேருந்தில் போனோம். போனோம் என்கிறேன், ஏனென்றால் என் மனைவியும் கிளம்பி வந்துவிட்டார். காலைப் பாலை ஊற்றி அனுப்பிவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு எதற்கு நீ என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. ஜன்னலோரம் அவரை உட்கார வைத்தேன். வெயில் ஏறி, பனி கரைந்து, குன்றுகள் நீலமாகத் தள்ளி நின்றன. பேருந்தின் இரைச்சல் எனக்குத் தாலாட்டு மாதிரி. அதில் எல்லோருமே பாதிச் செவிடுதான். யாரும் யாரிடமும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. அவர் தோளைத் தொட்டபோது பேருந்து நிலையம் வந்திருந்தது.

கடையில் கல்லாவுக்குப் பின்னால் நாற்பது வயதுப் பெண் ஒருவர் இருந்தார். கூரை வரை அட்டைப்பெட்டிகள். எந்தப் பெட்டி எங்கே என்று பார்க்காமலேயே கை நீட்டி எடுக்கிறவர். வண்டியின் பெயரையும் வருடத்தையும் சொன்னேன். இரண்டு பெட்டிகளை எடுத்துப் பலகை மேல் வைத்தார்.

"உங்களுது பதினேழாண்ணா, பதினெட்டா? அந்த வருசம் பாதியில அளவ மாத்திட்டாங்க. வண்டி பேரு ஒண்ணுதான், டிஸ்க் வேற. மாத்தி வாங்கிட்டுப் போனா காலிபருக்குள்ள உக்காராது. திரும்பி வரணும்."

மெக்கானிக் அந்த எண்ணை விரல்விட்டுக் காட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பதினேழு" என்றேன். என் குரல் எனக்கே பலமாகக் கேட்டது. பெட்டியைத் திறக்கப் போனார்.

"மெக்கானிக் பதினேழுன்னா சொன்னாரு?" என்று மனைவி கேட்டார். "போன் பண்ணிக் கேட்டுக்கலாமுங்களா?"

என்னைக் காட்டிக்கொடுக்கும் தொனி அதில் துளியும் இல்லை. எனக்கு ஒரு வழியைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா நின்றார். நான் அந்தப் பெட்டிகளைப் பார்த்தேன். பழுப்பு அட்டையில் சிறு சிறு எழுத்துகள். பத்திரத்தில் சர்வே எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் இன்னொருவன் நிலம் வந்துவிடும். இருபத்தெட்டு வருடமாக அதற்குப் பயந்தே எழுதுகிறவன் நான். அந்தக் கூச்சத்தையும் தாண்டி வாய் தானாகத் திறந்தது.

"எனக்குச் சரியாக் கேக்கலைங்க. அவரு சொன்னது கேக்கல. எனக்குக் காது சரியாக் கேக்கறதில்ல."

சொல்லிவிட்டேன். முன்பின் தெரியாத ஒருவரிடம், எண்ணெய் நாற்றம் அடிக்கும் ஒரு கடையில். அதுவரை அந்த வாக்கியத்தை நான் தனியாகக்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை. உள்ளே எதுவோ இடிந்து விழும் என்று எதிர்பார்த்தேன். வெளியே ஒரு மினி லாரி போனது, அவ்வளவுதான். மனைவி பலகை மேலிருந்த தூசியை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவர் தோள் இறங்கியது தெரிந்தது.

கடைக்காரப் பெண் கொஞ்சமும் அசரவில்லை.

"அதுக்கென்னண்ணா, போனெல்லாம் வேணாம். ஆர்.சி. புக் இருக்குதா? சேசிஸ் நம்பரப் படிங்க, நான் பாத்துச் சொல்றேன்."

அதன்பிறகு அவர் என் முகத்துக்கு நேராக, கொஞ்சம் நிதானமாகப் பேசினார். அதை ஒரு பெரிய விஷயமாகவே காட்டிக்கொள்ளவில்லை. பையிலிருந்த புக்கை எடுத்து எண்ணை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். தடித்த புத்தகத்தில் விரலை ஓட்டி, பதினெட்டு என்றார். பதினேழைத் திரும்ப அடுக்கில் வைத்தார்.

பதினெட்டிலேயே மூன்று விதம் இருந்தது. ஒன்று கார் கம்பெனியின் பெட்டியில் வருவது. ஒன்று வேறு கம்பெனி செய்தது, துருப்பிடிக்காமல் இருக்கச் சாம்பல் நிறம் பூசியது. மூன்றாவது பெட்டியில் பெயரே இல்லை. விலை மட்டும் பாதி. மூன்றையும் என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பெயரில்லாதது கொஞ்சம் லேசாக இருந்தது. அல்லது அப்படித் தோன்றியது. நடு ஓட்டையில் விரலை விட்டு ஒரு டிஸ்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஸ்பானரால் விளிம்பைத் தட்டினார்.

"அளவெல்லாம் புத்தகத்துல இருக்குது. இது எங்க மாமனாரு பழக்கம். தட்டிப் பாத்துத்தான் குடுப்பாரு. உள்ள வெடிப்பு கிடிப்பு இருந்தாச் சத்தத்துல தெரிஞ்சிரும்."

மனைவி தலையைச் சாய்த்துக் கேட்டார். "மணி மாதிரி இருக்குது" என்றார். பெயரில்லாததைத் தட்டியபோது, "இது உடனே அடங்கிருது" என்றார். நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த ஒலியின் அடிப்பகுதி மட்டும், யாரோ பக்கத்து வீட்டில் பாத்திரம் வைப்பது போல வந்தது.

"நீங்க புடிங்கண்ணா."

விரலில் மாட்டிவிட்டு அவரே தட்டினார். இரும்பின் நடுக்கம் விரலில் ஏறி, மணிக்கட்டைத் தாண்டி, முழங்கை வரை வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கோயில் மணிக்கு அடியில் நிற்கும்போது நெஞ்சுக்குள் ஒன்று நடக்குமே, அது போல. அடங்க நெடுநேரம் ஆயிற்று. அடங்கும் வரை யாரும் பேசவில்லை என்று நினைக்கிறேன். பேசியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. பெயரில்லாததன் நடுக்கம் விரலோடு நின்றுவிட்டது. சாம்பல் பூச்சு இருந்ததை எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன்.

அடுத்தது பேடு.

"நீங்க எந்த ரோட்டுலண்ணா ஓட்டறீங்க?"

"தெனமும் பென்னாகரம். எப்பவாச்சும் தொப்பூர் எறங்கி சேலம். வருசத்துல ரெண்டு மூணு தடவை ஒகேனக்கல்."

"அப்ப எறக்கம் இருக்குது. இந்த செராமிக் எடுத்தீங்கன்னா சத்தமே வராது, சக்கரத்துல கருப்புத் தூளும் ஒட்டாது. வெலை கொஞ்சம் கூட. இது இரும்புத் தூள் கலந்தது, சூட்டுல நல்லாப் புடிக்கும், ஆனா காலையில குளுருல மொனகும். இது கம்பெனி பேடு, ரெண்டுக்கும் நடுவுல."

"சத்தம் வராததே குடுத்துருங்க" என்றார் மனைவி. மூன்று மாதம் அந்தக் கூச்சலைச் சகித்தவர்.

நான் மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் கையில் இருந்த செராமிக் செட்டில் அந்தச் சிறு நாக்குத் தகடு இல்லை. கம்பெனி பேடில் இருந்தது. கடைக்காரப் பெண்ணிடம் காட்டினேன்.

"ஆமாண்ணா, இந்த செராமிக்ல அது இல்ல. தேய்ஞ்சாக் கழட்டிப் பாத்துத்தான் தெரிஞ்சிக்கணும். கம்பெனிதுல தகடு இருக்குது, கத்தும்." சொல்லிவிட்டு உடனே தயங்கினார். "ஆனா உங்களுக்கு..."

கத்தினாலும் எனக்குக் கேட்காது. அப்படியானால் எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு கணம் அப்படித்தான் பட்டது. ஆனால் என்னைச் சுற்றி எவ்வளவு காதுகள் இருந்தன என்பதை இந்த இரண்டு நாளில் தெரிந்துகொண்டிருந்தேன். ஊமைப் பேடு என்றால் அவர்களுக்கும் ஒன்றும் தெரியாது.

"கம்பெனிதே குடுங்க" என்றேன். "எனக்குக் கேக்கலைன்னாலும் கேக்கறவங்களுக்குக் கேக்கட்டும்."

மனைவி அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"நான் சொல்றேன்" என்றார். "இனிமே அன்னைக்கே சொல்லிர்றேன்."

கடைக்காரப் பெண் பெட்டிகளைச் சணலால் கட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். பானெட்டைத் திறந்தால் பிரேக் ஆயில் டப்பா தெரியும். பேடு தேயத் தேய அதில் ஆயில் மட்டம் இறங்கும். இறங்கினால் மேலே ஊற்றிவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது, பேடைப் பார்க்க வேண்டும். "அதக் கண்ணால பாத்துக்கலாம்ணா. மாசம் ஒருக்கா பாருங்க." இத்தனை வருடம் வண்டி ஓட்டியும் அது எனக்குத் தெரியாது.

திரும்பும்போது டிஸ்க் பெட்டி என் மடியில் இருந்தது. கனம் தொடையை அழுத்தியது. மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு தடவை ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன என்று கேட்டேன். முன்பென்றால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். என் காதருகே வந்து, "பதினேழுன்னு எவ்வளவு கெத்தாச் சொன்னீங்க" என்றார்.

மறுநாள் மெக்கானிக்கிடம், "தம்பி, மொகத்தப் பாத்துச் சொல்லுங்க. எனக்குக் காது மந்தம்" என்றேன். இரண்டாவது முறை சொல்லும்போது நாக்கு அவ்வளவு கனக்கவில்லை. சக்கரத்துக்குள்ளிருந்து தலையை எடுத்து, என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "அதான் சார் நான் எது கேட்டாலும் ஆமாங்கன்னீங்களா?" என்றார். இருவரும் சிரித்தோம். என்ன கேட்டார் என்று கேட்டேன். வண்டியை இங்கேயே விட்டுவிட்டுச் சாமானோடு வருகிறீர்களா, இல்லை இப்படியே ஓட்டிப் போகிறீர்களா என்று கேட்டாராம். அதற்கும் ஆமாங்கதான்.

சக்கரம் மாட்டும் இடத்திலிருந்த துருவைக் கம்பிப் பிரஷால் சுரண்டினார். புது டிஸ்கில் துளி எண்ணெய்கூட இருக்கக்கூடாது என்று துடைத்தார். இறுகிப்போயிருந்த காலிபர் பின்னைக் கழற்றிக் கிரீஸ் வைத்தார். இடப்பக்கத்து உள் பேடு மட்டும் கூடுதலாகத் தேய்ந்ததற்கு அதுதான் காரணம். எல்லாம் முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னை ஓட்டச் சொன்னார். அறுபதுக்குப் போய், சீராக மிதித்து, நிற்காமல் இருபதுக்குக் கொண்டுவந்து, மறுபடி அறுபது. இப்படிப் பல தடவை. புது டிஸ்கும் புது பேடும் ஒன்றோடொன்று பழக வேண்டுமாம். "இருநூறு முந்நூறு கிலோமீட்டர் அடிச்சுப் பிடிக்காதீங்க சார். அப்புறம் ஒருநாள் எறக்கத்துல ஓட்டிப் பாருங்க. சத்தம் ஏதாச்சும் வருதான்னு பாக்கணும். வீட்டுல அக்காவக் கூட்டிட்டுப் போங்க."

பதினைந்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பால் முடிந்ததும் ஒகேனக்கல் சாலையில் கிளம்பினோம். பங்குனி வெயில் இன்னும் சூடேறவில்லை. பென்னாகரம் தாண்டியதும் வீடுகள் குறைந்து, புதர்க்காடு தொடங்கியது. இலை உதிர்ந்த மரங்களுக்கு நடுவில் வெளிச்சம் புகை போல நின்றது. கண்ணாடிகளை இறக்கியிருந்தோம்.

"என்ன கேக்குது?" என்றேன்.

"பிரேக்குலயா? ஒண்ணும் கேக்கல."

"சும்மா சொல்லு. என்னென்ன கேக்குது?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு இருக்கையில் சாய்ந்துகொண்டு, நான் உதடுகளை ஓரக்கண்ணால் பார்க்கும்படி கொஞ்சம் என் பக்கம் திரும்பி, சொல்ல ஆரம்பித்தார். டயர் சரசரவென்கிறது. வலப்பக்கம் ஏதோ ஒரு குருவி, ஒரே எழுத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறது. ரொம்ப தூரத்தில் மைக்செட், எந்த ஊரென்று தெரியவில்லை. காய்ந்த இலை ஒன்று வைப்பரில் மாட்டிக்கொண்டு படபடவென்கிறது. மாட்டு மணி, ஒன்றில்லை, நாலைந்து. பின் சீட்டில் தண்ணீர் பாட்டில் உருள்கிறது. அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் எனக்குள் வந்தது. கேட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழைய வீட்டில் விளக்கு ஒவ்வொன்றாக எரிவது போல, அந்தந்த இடத்தில் அந்தந்தச் சத்தம் இருந்தது. பூச்சி இருக்கிறதா என்று கேட்டேன். "நெறைய" என்றார். "காடு முழுக்க அதுதான்."

சித்திரையில் காதைச் சோதித்துக்கொள்வது என்று முடிவெடுத்தது அந்த இடத்தில்தான். அவர் கேட்கவில்லை, நானே சொன்னேன். சோதித்தார்கள், கருவியும் வாங்கினேன். முதல் வாரம் பத்திரத்தாள் புரட்டுவதே தகரத்தைக் கிழிப்பது போல இருந்தது. கழற்றி எறியலாம் என்று நினைத்தேன். இப்போது அலுவலகத்தில் போட்டுக்கொள்கிறேன். எல்லாம் திரும்பி வந்துவிடவில்லை. வந்தவையும் பழைய குரலில் வரவில்லை. போதும் என்று இருக்கிறது.

அன்று இறக்கம் தொடங்கும் இடத்தில் கியரைக் குறைத்தேன். முதல் வளைவில் ஒரு குரங்குக் கூட்டம் சுவரில் வரிசையாக உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. மிதித்தேன். கால் அடியில் மெத்தென்று, உறுதியாக ஒரு பிடி. எறும்பு ஊரவில்லை. வண்டி சொன்ன இடத்தில் சொன்ன வேகத்துக்கு வந்தது. ஆயாசம் இல்லாத ஒரு மிருகம் போல அடுத்த வளைவுக்குத் திரும்பியது. கீழே மரங்களுக்கு இடையில் காவிரி ஒரு கணம் மின்னிவிட்டு மறைந்தது.

"இப்ப?" என்றேன்.

பதில் வரவில்லை. எனக்குத்தான் கேட்கவில்லையோ என்று திரும்பினேன். அவர் தலை சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பால் அளந்தவர். காது கொடுத்துக் கேட்க வந்தவர், கேட்க ஒன்றும் இல்லாமல் தூங்கிப்போயிருந்தார்.

அவரை எழுப்பாமல், மீதி வளைவுகளையெல்லாம் என் காலை மட்டும் நம்பி இறங்கினேன். ஆற்றங்கரைக்குக் கொஞ்சம் முன்பே, ஒரு மரத்து நிழலில் வண்டியை நிறுத்தினேன். நின்றதுகூட அவருக்குத் தெரியவில்லை.